ஐயாயிரம் என்று பொறிக்க வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். முழங்கால் வழக்கம்போல, இரத்த அழுத்தம் டாக்டர் முகம் சுளிக்காத அளவில். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நினைவும் நலமாகவே இருக்கிறது என்பதை இந்த முறை தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அண்ணிக்குப் புத்தி தடுமாறுகிறது, சைக்கிள் கடையில் எதையோ அமுக்கி அண்ணன் ஓட்டிய கிலோமீட்டர் முழுவதையும் அழித்துவிட்டார் என்று உன் அத்தை உனக்குப் போன் செய்திருக்கிறாள். உனக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை, தையற்கடையிலும் சொல்லியிருக்கிறாள், ரவிக்கை வாங்கப் போன இடத்தில் தையற்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்மா, மனசைத் தளர விடாதீங்க” என்று ஆறுதல் சொல்கிறாள். அது தவறு. நான் எதையும் அமுக்கவில்லை, எதுவும் அழியவில்லை. அப்பாவின் வண்டியில் தூரம் காட்டிய பழைய மீட்டர் என் மேசை இழுப்பறையில் கைக்குட்டையில் சுற்றி இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் அந்த எண் இன்றும் மங்கலாகத் தெரிகிறது. நான் புதிதாக ஒன்று வாங்கினேன், பழைய எண்ணை இதில் ஏற்றட்டுமா என்று கடைக்காரர் கேட்டார், வேண்டாம், பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள் என்றேன். தடுமாறிச் சொல்லவில்லை, தெரிந்து சொன்னேன்.

நீ அன்று போனில் “ஏம்மா இப்படிப் பண்ணீங்க” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய், கடிதத்தில் எழுதுகிறேன் என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைவிட அவசரமான காரியம் ஒன்றும் இருக்கிறது. கால்வாய்க் கரைப் பாதையில் அப்பா பெயரில் நீ போடச் சொல்லியிருக்கும் பெஞ்சு தயாராகிவிட்டது, நல்ல மரம், மூலைகளை வழவழப்பாக இழைத்திருக்கிறார்கள். அதன் முதுகில் பதிக்கும் பித்தளைத் தகட்டில் ‘பக்கவாதத்துக்குப் பின் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்’ என்று வெட்ட வேண்டும் என்று நீ அனுப்பிய வாசகத்தோடு எழுத்து வெட்டுபவர் வீட்டுக்கு வந்தார், எழுத்துப் பிழை பார்த்துக் கொடுங்கள் என்றார். எழுத்தில் பிழை இல்லை. எண்ணில் பிழை இருக்கிறது. என் மகளிடமிருந்து பதில் வரும்வரை உளியைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தை அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு சாதாரண சைக்கிளில் அவரால் சமநிலை பிடிக்க முடியவில்லை என்றுதானே அந்தச் சாய்வு வண்டியை வாங்கினோம். முன்னால் இரண்டு சிறிய சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் சாய்வு நாற்காலிபோல இருக்கை, காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். விடுமுறைக்கு வந்திருந்த நீ, பரணில் கிடந்த உன் கல்லூரிக் காலத்து சைக்கிளிலிருந்து மீட்டரைக் கழற்றி, அதிலிருந்த தூரத்தை மட்டும் பூஜ்யமாக்கி இந்த வண்டியில் மாட்டினாய், நடையில் குந்தி உட்கார்ந்து முன்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பியில் காந்தத்தை நீ திருகியதை நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் எவ்வளவு ஓட்டினீர்கள் என்று எனக்குப் போனில் சொல்ல வேண்டும், ஏமாற்றக்கூடாது என்றாய். “உங்கம்மாகூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவன்டி நான், ஏமாத்துற பழக்கமே விட்டுப்போச்சு” என்றார் அவர். அன்று மூவரும் சிரித்தோம். அப்போது நம் மூவருக்குமே தோன்றாத ஒன்று உண்டு. அந்தப் பெட்டிக்குச் சக்கரத்தின் அளவு தானாகத் தெரியாது, காந்தம் எத்தனை முறை கடந்து போகிறது என்று மட்டும்தான் எண்ணும், ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோமோ அதனால் பெருக்கிக் காட்டும். அதில் இருந்தது உன் பழைய சைக்கிளின் பெரிய சக்கரத்து அளவு. மாட்டியது சிறிய சக்கரத்தில். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிக முறை சுற்றும், ஒவ்வொரு சுற்றையும் பெட்டி பெரிய சுற்றாக எண்ணிக்கொண்டது. அப்பா உண்மையில் எழுபத்தொரு கிலோமீட்டர் போனால் அது நூறு என்று காட்டியிருக்கிறது.

நான் இதைக் கண்டுபிடித்தது நான் ஓட்ட ஆரம்பித்த பிறகு. அவர் போன பின் வண்டி போர்வை மூடி நடையில் கிடந்தது, எனக்கு நடந்தால் முழங்கால் வீங்குகிறது, இதில் விழ இடமில்லை, ஏறித்தான் பார்ப்போமே என்று ஏறினேன். முதல் சில நாள் தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது, நாய்களின் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் போக வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் எனக்குச் சங்கடம். கால்வாய்க் கரையில் கிலோமீட்டர் கல் நட்டிருக்கிறார்கள் அல்லவா, நீரேற்று நிலையத்துக் கல் ஐந்து என்கிறது, மீட்டர் ஏழு என்கிறது. கல் தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கல்லிலும் அதே விகிதம், அதற்கடுத்த கல்லிலும். எல்லாக் கற்களும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லாது. பள்ளியில் எங்கள் கணக்கு சிஸ்டர், விடை சரியாக இருந்தாலும் அதை அடைந்த வழியைக் காட்டாவிட்டால் சுழி போடுவார், அந்தப் பயம் இன்னும் விடவில்லை எனக்கு, அதனால் அளந்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரம் ஒரு சுற்று வரும்வரை வண்டியை நகர்த்தி, தரையில் தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் தையல் டேப்பைப் பிடித்தால் போதும். ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் கொஞ்சம் அமுங்கும், அந்த அளவுதான் சரியான அளவு, ஆகவே நான் வண்டியில் சாய்ந்துகொண்டு உன் அத்தையைக் கூப்பிட்டுக் கோடு போடச் சொன்னேன். “அண்ணி, நீங்க படுத்துக்கிட்டு என்னைத் தரையை அளக்கச் சொல்றீங்களே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா” என்றாள். அளக்கச் சொன்னதை அளந்துவிட்டுப் பிறகு கேள் என்றேன். அளந்தாள், ஆனால் கேட்கவில்லை, தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். என் புத்தியைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். பாவம், அவளும் கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் குனிந்து நிமிர்கிறாள், அவள்மீது எனக்குக் கோபமில்லை, கொஞ்சம்தான்.

அளவு கையில் வந்த பிறகு புது மீட்டர் வாங்கப் போனோம், அத்தையும் கூட வந்தாள். பழைய மீட்டரில் எட்டு என்பது ஆறுபோலத் தெரிகிறது, அதை வைத்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது. சைக்கிள் கடைக்காரரை உனக்குத் தெரியும், வாய் ஓயாதவர், ஒரு டியூப் வாங்கப் போனவரிடம் ஒரு சைக்கிளை விற்றுவிடுவார். முதலில் வண்ணப் படம் காட்டும் செயற்கைக்கோள் மீட்டரை எடுத்து வைத்தார், நீ அனுப்புவதாகச் சொன்னது அதே வகைதான். “மேடம், நீங்க எங்க இருக்கீங்கன்னு இது காட்டும்.” நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும் என்றேன். “உங்க பொண்ணுக்கும் காட்டும், நீங்க நின்னா அவங்க போன்ல மணி அடிக்கும்.” நான் தபால் பொட்டலம் இல்லை என்றேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது, அதற்குச் சக்கர அளவே தேவையில்லை, இந்தத் தப்பு அதில் வராது. ஆனால் அதைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும், அதன் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. சாய்ந்து ஓட்டும்போது மீட்டர் வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும், வெயில் நேரே அதில்தான் விழும், அந்தப் பளபளக்கும் கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்க்கலாம். இரண்டாவது கம்பியில்லாதது, அதற்கு இரண்டு இடத்தில் பேட்டரி. மூன்றாவது கம்பி வைத்தது, பழைய மாதிரி, பெரிய கறுப்பு எண், இரண்டே பொத்தான். இந்த வண்டியில் கைப்பிடி முன்னால் இல்லை, தொடைக்கு இரு பக்கமும் இருக்கிறது, பெடல் இருக்கும் நீளக் குழாயில் மாட்டினால் என் கண்ணுக்கு எட்டாது, அதனால் பின்னால் வருவதைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடியின் தண்டில் மாட்டச் சொன்னேன், சக்கரமும் பக்கத்திலேயே, கம்பியும் நீளம் போதும், என் மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் எண் தெளிவாக விழுகிறது. நீ வேறு அனுப்ப வேண்டாம். எனக்கு இது போதும், விருப்பமாகத்தான் வாங்கினேன். உனக்கு என் பாதுகாப்பு கவலை என்றால், வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு செய்தி அனுப்புகிறேன், அதை நான் தவறவிட மாட்டேன்.

அப்போதுதான் கடைக்காரர் பழைய எண்ணை ஏற்றட்டுமா என்று கேட்டார், நீ போன் செய்து கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன், ஏன் என்று கேட்டார், சக்கர அளவு தவறு என்றேன். நான் ஏதோ பெரிய உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன், அவரோ ஸ்குரூடிரைவரைக் கீழேகூட வைக்காமல், “அது சாருக்குத் தெரியுமே மேடம்” என்றார். வண்டி வந்த மூன்றாவது மாதமே பிரேக் சரிபார்க்கப் போன இடத்தில் அவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், ஒரு நிமிஷ வேலை, மாற்றித் தருகிறேன் என்றாராம். “தொடாதேப்பா, பொண்ணு போட்டுக் குடுத்தது. அவ லீவுக்கு வரட்டும், அவ கையாலயே மாத்தச் சொல்லி, சிரிச்சுக்கிட்டே காதைத் திருகிக்கிறேன், போன்ல சொன்னா அவ மூஞ்சி வாடுறது எனக்குத் தெரியாதே” என்றாராம் அப்பா. அத்தை அந்த நேரம் கடை வாசலில் இருந்த சைக்கிள்களின் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், இது எதுவும் அவள் காதில் விழவில்லை, நான் பூஜ்யம் என்று சொன்னது மட்டும் விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் இருந்தவரை நீ லீவுக்கு வராமல் போனதைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உனக்கு வேலை அப்படி, அவருக்கும் அது தெரியும், ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. மீட்டரைத் தவறாக மாட்டினாய் என்றும் குற்றம் சொல்லவில்லை, ஆசையாகச் செய்தாய், அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டாய், எண்ணை வைத்து வேலை செய்கிறவள் என்பதால் உனக்கு இது அதிகம் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. கடையிலிருந்து திரும்பி நெடுநேரம் நடையில் உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. அவர் ஓட்டிவிட்டு வந்ததும் இருக்கையிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுவார், நான் துண்டோடு போய் கை கொடுப்பேன், அப்போது என் கண் தானாக மீட்டரைப் பார்க்கும். பதினான்கு என்று இருக்கும். உள்ளே வந்து உன்னிடம் போனில், “இன்னைக்குப் பத்துடா கண்ணு” என்பார். பதின்மூன்று இருக்கும், ஒன்பது என்பார். டாக்டர் திட்டுவார், நீ பயப்படுவாய் என்று குறைத்துச் சொல்கிறார் என்றே நான் நினைத்தேன். ஒரு நாள் பொறுக்காமல், “ஏங்க, பொண்ணுகிட்ட ஏன் குறைச்சுச் சொல்றீங்க, அதுவும் ஒருவகைப் பொய்தானே” என்று கேட்டேவிட்டேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, “நான் ஓட்டினதைத்தான் சொன்னேன்” என்றார். அவ்வளவுதான். நான் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார், பதினான்கில் எழுபத்தொரு சதவீதம் பத்து, பதின்மூன்றில் ஒன்பது. கடைக்காரர் சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் மனக்கணக்காகக் கழித்துத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் காலோடு, வியர்வையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, பெட்டி அவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்த நாலு கிலோமீட்டரை ஒரு நாளும் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்பவள் நீ, நீ ஒரு நாளும் சரிபார்க்கப் போவதில்லை, பதினான்கு என்றால் ‘அப்பா சூப்பர்’ என்று குதித்திருப்பாய், பத்துக்கும் குதித்தாய், அது வேறு. தெரிந்த பிறகு அவர் உன்னிடம் வாயால் சொன்னது எல்லாம் உண்மை. பெட்டியில் இருந்ததுதான் தவறு. அவர் போன பிறகு நீ பெட்டியைப் பார்த்தாய், ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது, வந்தவர்களிடமெல்லாம் ஐயாயிரம் என்று சொன்னாய், உன் அலுவலகத்தில்கூடப் பேசினாய் என்றாய். அதுவரை சரி, தெரியாமல் சொன்னது. இனி தெரிந்துவிட்டது.

பித்தளையில் வெட்டியது நம் இருவருக்கும் பிறகும் நிற்கும். அந்தப் பெஞ்சில் உட்காருகிறவர்கள் ஐயாயிரத்தைப் படித்துவிட்டு அவரை மெச்சிக்கொள்வார்கள், அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். நானும் உட்கார மாட்டேன். ஊரில் என்னைப் புத்தி கெட்டவள் என்று பேசினாலும் பேசட்டும், இதை உன் அத்தைக்குக்கூட இன்னும் சொல்லவில்லை, முதலில் உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நான் கடையில் பழைய எண்ணை ஏற்ற மறுத்தது அதனால்தான். அவருடைய தூரத்தோடு என் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போக எனக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை. அவர் ஓட்டியது அவருடையது.

நான் ஓட்டியதைக் கழித்துவிட்டு அவருடைய உண்மையான கூட்டுத்தொகையையும் போட்டேன், மாட்டிய நாளிலிருந்து ஒரே அளவுதான் அதில் இருந்தது என்று கடைக்காரர் உறுதி சொன்னதால் போட முடிந்தது. மூவாயிரத்து ஐந்நூற்று எண்பது வருகிறது. ஐயாயிரம்போல உருண்டையாக இல்லை, ஒரு கால் இழுத்துக்கொண்ட மனிதருக்கு அது சின்ன தூரமும் இல்லை. தகட்டில் அந்த எண்ணை வெட்டலாம். அல்லது எண்ணே இல்லாமல், பெயரும் வருஷமும் மட்டும் போட்டு, ‘இந்தப் பாதையில் தினமும் ஓட்டியவர்’ என்று வெட்டலாம். என் மனம் எதில் இருக்கிறது என்று எழுதினால் நீ எனக்காக ஒத்துக்கொள்வாய், அதனால் எழுதவில்லை. பெஞ்சு உன்னுடையது, நீதான் அப்பாவுக்குத் தினமும் காது கொடுத்தவள், நீ முடிவு செய். ஐயாயிரம் மட்டும் கூடாது, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

மற்றபடி வீட்டில் செய்தி அதிகம் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகல் நின்றுவிட்டது, பிளம்பர் இரண்டு முறை வந்து மூன்றாம் முறை சரியாகச் செய்தார். பின்கதவின் தாழ்ப்பாளை மாற்றிவிட்டேன். நீ இரவில் கண் விழித்து வேலை செய்வதாக மாப்பிள்ளை சொன்னார், குறைத்துக்கொள், தலைவலி வந்தால் மாத்திரை போடுவதற்கு முன்னால் கண்ணாடிக்காரரிடம் பார்வையைச் சோதித்துக்கொள், உன் அப்பாவுக்கும் உன் வயதில்தான் பார்வை மாறியது. இதைப் படித்துவிட்டு அழுதாயானால் அழு, ஆனால் என்னால்தான் தவறு என்று சொல்லிக்கொண்டு அழாதே, அவர் அதை அன்றே சிரிக்க எடுத்து வைத்துவிட்டார். கடவுள் உங்கள் இருவரையும் நல்ல உடம்போடும் நேரான மனதோடும் வைத்திருக்கட்டும். எழுத்து வெட்டுபவருக்கு வேறு வேலை காத்திருக்கிறதாம், ரொம்பவும் தாமதிக்க முடியாது. எண் போடுவதா வேண்டாமா என்பதை, தகட்டில் வர வேண்டிய வாசகத்தோடு, உன் கையெழுத்தில் எனக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே.

உன் அம்மா